சீனியருக்கு மூத்த ஜூனியர்

வாங்க தம்பி, உக்காருங்க. ஜன்னல் பக்கம் வேணுமா? இந்தப் பை என் மடியிலேயே இருக்கட்டும். உள்ளே கறுப்புக் கோட்டு இருக்கு, கசங்கினா மேடம் ஒரு பார்வை பார்ப்பாங்க. விருதுநகர்ல ஏறுறீங்க, மதுரைக்குத்தானே? நானும் மதுரைதான். நல்லதாப் போச்சு. கோவில்பட்டியிலிருந்து இதுவரைக்கும் பக்கத்தில் இருந்தவர் காதுல வயரைச் சொருகிக்கிட்டுத் தூங்கிட்டே வந்தார். அதுக்கு நான் டிக்கியில் மூட்டைகளோடவே வந்திருக்கலாம். மூட்டையாவது குறட்டை விடாது.

வக்கீலான்னு கேக்குறீங்களா? இன்னும் இல்லை. வக்கீலுக்குப் படிக்கிற பையன். சிரிங்க, சிரிங்க, எல்லாரும் சிரிக்கிறதுதான். அறுபத்து நாலு வயசுல ஒருத்தன் தன்னைப் பையன்னு சொன்னா சிரிப்பு வராம என்ன செய்யும்?

பேர் சீனிராஜ். தீயணைப்புத் துறையில் ஸ்டேஷன் ஆபீசரா இருந்து ரிட்டையர் ஆனவன். வீட்டில் சும்மா இருக்க வேண்டியதுதானேன்னு கேக்காத ஆள் கிடையாது. சும்மா எப்படி இருக்கிறது? வாழ்நாள் பூரா நெருப்புக்குள்ளே போய் வந்தவன்கிட்ட எத்தனை கதை இருக்கும்! ஆனா நான் வாயைத் திறந்தா டீக்கடை பெஞ்சு காலியாகிடும். "அண்ணாச்சி ஆரம்பிச்சிட்டாரு, டம்ளரைக் கீழ வெச்சிட்டு ஓடுங்கடா" அப்படின்னு என் காது கேக்கவே சொல்லுவானுங்க. என் வீட்டுக்காரி செண்பகம் இருக்காளே, நான் பேச ஆரம்பிச்சதும் மிக்ஸியைப் போடுவா. ஜார்ல ஒண்ணுமே இருக்காது, தம்பி. வெறும் மிக்ஸி.

ஒரு தரம் ஒரு தீ விபத்துக் கேஸ்ல சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். ஒரு வக்கீல் எந்திரிச்சு, என் கட்சிக்காரர் அன்னைக்கு ஊரிலேயே இல்லை, குலதெய்வம் கோவிலில் கிடா வெட்டிக்கிட்டிருந்தார்ங்கிறார். அப்பட்டமான புளுகு. கட்சிக்காரனை நானே அன்னைக்கு வேட்டியில் தீயோட தூக்கிட்டு வந்தேன். ஆனா பாருங்க, ஜட்ஜ் தலையைச் சாய்ச்சுக் கேக்குறார். பக்கத்தில் ஒரு அம்மா ஒரு எழுத்து விடாம டைப் அடிக்குது. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. பொய்க்கு இந்த மரியாதைன்னா என் நெசத்துக்கு எவ்வளவு இருக்கணும்? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நான் சொல்றதை எவராச்சும் டைப் அடிச்சே ஆகணும்.

அதுக்காகத்தான் சட்டக் காலேஜ். மூணு வருஷப் படிப்பு, இது கடைசி வருஷம். படிப்பு ஒண்ணும் மலையில்லை. மலை இந்த இன்டர்ன்ஷிப்தான். ஒரு வக்கீல் ஆபீசில் போய் ஒரு மாசம் பயிற்சி எடுத்து, அவங்க கையால சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தாத்தான் பரீட்சை எழுத விடுவாங்க. இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம். அடுத்த வருஷம் என் முட்டி படி ஏறுமான்னு முட்டிகிட்டத்தான் கேக்கணும்.

என்கூடப் படிக்கிறதுகள் எல்லாத்துக்கும் இடம் கிடைச்சிருச்சு. இன்டர்நெட்டில் ஒரு தட்டு, வா-ன்னு கூப்பிடுறான். நானும் தட்டினேன். அறுபது ஆபீசுக்குத் தட்டியிருப்பேன். சரி, நாப்பதுன்னு வைங்க. பாதிப்பேர் பதிலே போடலை. மீதிப்பேர், "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி"-ன்னு ஒரே வரியைப் போட்டான். எல்லாருக்கும் ஒரே ஆள் உக்காந்து எழுதிக் கொடுக்கிறான்போல.

எங்க வகுப்பில் ஷர்மிளா பானுன்னு ஒரு பொண்ணு. கெட்டிக்காரி, வாய் மட்டும் கத்தரி. அவதான் எனக்கு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தா. என் ரெசியூமைப் பார்த்துட்டுத் தலையில் அடிச்சுக்கிட்டா.

"தாத்தா, ரெசியூம்னா ஒரு பக்கம், மிஞ்சினா ரெண்டு. நீங்க பதினேழு பக்கம் எழுதியிருக்கீங்க."

"சுருக்கித்தான் எழுதியிருக்கேன், பாப்பா."

"அதுல ஆறு பக்கம் ரசம் வருது."

"அது ஒரு நிகழ்ச்சி."

"அதைத் தூக்குங்க தாத்தா. படிக்கிறவன் உங்களுக்குக் கழண்டு போச்சுன்னு நினைப்பான்."

நான் தூக்கலை. எப்படித் தூக்குவேன்? என் சர்வீசிலேயே பெரிய காரியம் அது. உங்களுக்குச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க தூக்கலாமான்னு.

நான் சாத்தூர் ஸ்டேஷன்ல இருந்த காலம். நல்ல கோடை. ஒரு கல்யாண மண்டபத்தை ஒட்டினாப்புல ஒரு தீப்பெட்டி ஆபீஸ் குடோன். கல்யாணத்தன்னைக்கு, பந்தி போடுற நேரம் பார்த்து, குடோன் பத்திக்கிச்சு. வண்டியில் இருந்த தண்ணி தீர்ந்து போச்சு. கிணத்துல வாளியை விட்டா மண்ணுதான் வருது. அடுத்த வண்டி சிவகாசியிலிருந்து வரணும். அதுக்குள்ளே மண்டபத்துக்குத் தாவிடும், உள்ளே ஆயிரம் ஜனம். நான் என்ன பண்ணினேன்? மண்டபத்துச் சமையல்கட்டுக்குள்ளே ஓடினேன். மூணு அண்டா ரசம். ஒவ்வொண்ணும் ஆள் உயரம். சமையல்காரர், "ஐயோ, தாளிச்சு இப்பத்தான் இறக்கினேன்"-ன்னு காலைப் பிடிக்கிறார். உறிஞ்சு குழாயைத் தூக்கி அண்டாவுக்குள்ளே விட்டேன். "போடுறா பம்பை!" ரசம் பாருங்க, தென்னைமரம் உயரத்துக்குப் பீச்சுது. மிளகும் சீரகமும் சூடான தகரத்துல விழுந்து மறுபடியும் தாளிச்சுது. மூணாவது அண்டா முடியறதுக்குள்ளே தீ செத்துப் போச்சு. ஊர் பூரா ஒரு வாரம் ரச வாசனை. அந்த வருஷம் சாத்தூர்ல ஒருத்தனுக்கும் சளி பிடிக்கலை.

என்ன தம்பி, அப்படிப் பார்க்குறீங்க? இந்த இடத்துல எல்லாரும் சிரிப்பாங்க. நீங்க சிரிக்கலை. பரவாயில்லை, மரியாதை தெரிஞ்ச மனுஷன்.

சரி, இன்டர்வியூவுக்கு வர்றேன். முதல்ல கூப்பிட்டது ஒரு பெரிய ஆபீஸ். கண்ணாடிக் கதவு, உள்ளே மார்கழிக் குளிர். வாசல்ல இருந்த பொண்ணு என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு, "வாங்க சார்"-ன்னு சோபாவில் உக்கார வெச்சு, காபி கொண்டாந்தது. பெரிய வக்கீலே வெளியே வந்து ரெண்டு கையாலயும் கும்பிட்டார். "எந்தச் சொத்து விஷயமா வந்திருக்கீங்க?" "சொத்தெல்லாம் இல்லைங்க, இன்டர்ன்ஷிப்." "பேரனுக்கா?" "எனக்குத்தாங்க." அந்த மனுஷன் கையைக் கும்பிட்டபடியே வெச்சுக்கிட்டார், பிரிக்கத் தெரியலை அவருக்கு. மெயில் போடுறோம்னார். இன்னும் போட்டுக்கிட்டே இருக்கார். நல்லவேளை, அதுக்குள்ளே காபியைக் குடிச்சு முடிச்சிட்டேன்.

அடுத்தது கம்ப்யூட்டர் வழியா இன்டர்வியூ. மூணு சின்னஞ்சிறுசுகள் திரையில் வந்து உக்காந்துச்சுக. அதுல ஒண்ணு கேக்குது, "இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை எங்கே பார்க்கலாம் சார்?" நான் சொன்னேன், "சுவத்துல பார்க்கலாம், மாலையோட." இன்னொண்ணு, "உங்க பலவீனம் என்ன?" "முட்டி." நெசத்தைத்தானே சொன்னேன்? அதுக்கும் நன்றின்னு ஒரு வரி வந்துச்சு.

எல்லாத்தையும் விட எரிச்சல் எது தெரியுமா? மூணாவது ஒரு ஆபீஸ். எல்லாம் பேசி முடிஞ்சு, நாளையிலிருந்து வாங்கன்னே சொல்லிட்டார். கடைசியா, "குணவதி நூல் மில் ஆளுங்களை உங்களுக்குத் தெரியுமா?"-ன்னார். பெரிய இடத்துப் பேர் வருது, விடுவேனா? "தெரியுமாவா? முதலாளியும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டவங்க"-ன்னேன். அவர் முகம் சுருங்கிப் போச்சு. அந்த மில் மேலதான் அவங்க கேஸ் போட்டிருக்காங்களாம். எதிர்க்கட்சிக்கு வேண்டப்பட்டவரை ஆபீசுக்குள்ளே விட முடியாது, எங்க ரகசியம் அங்கே போயிரும்னுட்டார். என்கிட்ட! ரகசியம் போயிருமாம்! அது தவிர, ஒரே தட்டுன்னா என்ன? தீயணைப்பு லைசென்சுக்குச் சோதனை பண்ணப் போனப்ப வாட்ச்மேன் ரூம்ல ஒரு தட்டு மிக்சர் கொடுத்தாங்க. மில்லுத் தட்டு. முதலாளியும் என்னைக்காவது அதுல சாப்பிட்டிருக்க மாட்டாரா? இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ளே என்னை லிஃப்ட்டுக்குள்ளே விட்டுட்டாங்க.

நொந்து போய் வந்து ஷர்மிளாகிட்ட சொன்னேன். அவ ஒரு பொட்டலத்தைக் கையில் வெச்சா. கமர்கட்.

"தாத்தா, உங்களுக்கு எல்லாத் தகுதியும் இருக்கு. வாய்தான் எதிர்க்கட்சி. உள்ளே போறதுக்கு முன்னாடி இதுல ஒண்ணைப் போட்டுக்குங்க. கரையற வரைக்கும் பேசாதீங்க."

அப்படிப் போன இடம்தான் மதுரை கே.கே. நகர்ல ஜெசிந்தா மேடம் ஆபீஸ். மேடத்துக்கு நாப்பது வயசிருக்கும். என் பதினேழு பக்கத்தையும் படிச்சு வெச்சிருந்தாங்க. படிச்ச ஒரே ஆள்!

"இந்த ரசம் நெசமா?"

கன்னத்தில் கமர்கட். தலையை ஆட்டினேன்.

"பார்த்த சாட்சி இருக்கா?"

இல்லைன்னு ஆட்டினேன். கூட இருந்த பம்ப் ஆபரேட்டர் செத்துப் போயிட்டார், சமையல்காரர் எங்கே இருக்காரோ.

"சாட்சி இல்லாத கதையை இந்த ஆபீஸ்ல சொல்லக் கூடாது. சாட்சியோட வாங்க, நம்புறேன். இன்னொண்ணு, இந்த ரூமுக்குள்ளே கேக்குறதை வெளியே மூச்சு விடக் கூடாது. விட்டீங்கன்னு தெரிஞ்சா அன்னைக்கே நீங்களும் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. சம்மதமா?"

ஆட்டினேன். மேடத்துக்கு ஒரே திருப்தி. "இதுவரைக்கும் நான் பார்த்த இன்டர்ன்லேயே நீங்கதான் சார் அளவாப் பேசுறவர்"-ன்னாங்க. கமர்கட்டோட பெருமை பாருங்க.

அங்கே ஒரு வழக்கம், சீனியர் உள்ளே வந்தா ஜூனியர் எல்லாரும் எந்திரிக்கணும். மேடம் வந்தா நான் எந்திரிப்பேன். பெரியவர் நிக்கிறாரேன்னு அவங்க உக்கார மாட்டாங்க. அவங்க உக்காராம நான் எப்படி உக்கார? ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருப்போம், குமாஸ்தா வந்து ஃபேனைப் போட்டு, ரெண்டு பேரும் உக்காருங்கன்னு சொல்ற வரைக்கும். ஆனா தம்பி, போன திங்கட்கிழமையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் அந்த ஆபீசில் என் குரல் எப்படியிருக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. மேடத்துக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை. கட்சிக்காரர் வந்தா என்னையும் கூட உக்கார வைக்கிறாங்க. இன்னைக்குக் காலையில் பொட்டலம் தீர்ந்து போச்சு. அதான் உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேச முடியுது.

இன்னைக்கு ஒரு பெரிய நாள் வேற. பேர் சொல்ல மாட்டேன், மேடத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். ஒரு ஊர், அதையும் சொல்ல மாட்டேன், நீங்க ஏறின ஊர்தான். ஒரு ஆயில் மில். அப்பா காலமானதும் ரெண்டு பிள்ளைகளுக்குள்ளே தகராறு. எங்க கட்சிக்காரர் மூத்தவர். சாகக் கிடந்த அப்பா முன்னாடி, "எனக்கு மில்லுல பங்கு வேண்டாம்"-ன்னு இளையவன் வாயாலேயே சொன்னான்ங்கிறது எங்க பக்கம். அதுக்கு ஒரே சாட்சி மில்லுக் கணக்குப்பிள்ளை. அவர் போன வாரம் மேடத்துக்குப் போன் போட்டு, "நான் அப்படி ஒண்ணும் கேக்கலைம்மா, வயசான காலத்துல பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன்"-ன்னு கையை விரிச்சிட்டார். தண்ணி வேணுமா தம்பி? இருமுறீங்களே. இந்தாங்க.

எங்க விட்டேன்? ஆங். இப்போ கோர்ட்டுக்குப் போனா எங்க பக்கம் நிக்காது. மேடமே மூத்தவர்கிட்ட சொன்னாங்க, "உங்க தம்பி கேட்டா பாதி கொடுத்துத்தான் ஆகணும், கேக்குறதுக்குள்ளே பேசி முடிச்சிருவோம்"-னு. அந்த இளையவனுக்கு இது தெரியாது! அவன் பயந்து போய் இருக்கான். ஏதோ கொஞ்சம் பணத்தை வாங்கிக்கிட்டு மில்லை விட்டுடறேன்னு கையெழுத்துப் போட இன்னைக்குத்தான் வர்றான். பதினோரு மணிக்கு. எனக்குக்கூட ஒரு நாற்காலி போட்டிருக்காங்க.

கணக்குப்பிள்ளை வர மாட்டார்ங்கிறது உறுதியான்னு கேக்குறீங்களா? நல்ல கேள்வி. நீங்க வக்கீலாகியிருக்கணும். உறுதிதான், என் காதாலே கேட்டேன். இப்படிக் கவனமாக் கேக்குற ஆளை நான் பார்த்ததே இல்லை, தம்பி. செண்பகம் பார்க்கணும் உங்களை.

என்ன? ரசமா? திரும்பவும் சொல்லவா?

மண்டபமா? மண்டபம் பேர் மறந்து போச்சு, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம். ஆமா, முன்னாடி ரெட்டை வேப்பமரம். உங்களுக்கு எப்படித் தெரியும்?

என்னது?

மாப்பிள்ளையா? நீங்களா? அந்தக் கல்யாணத்துல... நீங்கதான் மாப்பிள்ளையா!

ஐயோ, கண்டக்டர் தம்பி, இங்கே வாங்க! இவர் சொல்றதைக் கேளுங்க! சாம்பாருக்கு அடுத்து மோர் ஊத்தினாங்களாமா? "ரசமில்லாத கல்யாணம்"-னு மச்சினன்மார் இன்னைக்கு வரைக்கும் கேலி பண்றாங்களா? பண்ணட்டும், பண்ணட்டும்! என் சாமி! நீங்க கண்ணால பார்த்தீங்க இல்லையா? குழாயைப் பார்த்தீங்க இல்லையா? உங்க பட்டு வேட்டியில்கூடத் தெறிச்சுதா? மஞ்சக் கறை போகவே இல்லையா? அடடடா! இத்தனை வருஷமா நாயாக் கத்திக்கிட்டிருக்கேன், ஒரு பய நம்பலை. தென்னைமர உயரம் மட்டும் இல்லைங்கிறீங்களா? சரி, பனைமரம் இல்லையே, தென்னைதானே, அதுலயும் குட்டைத் தென்னைன்னு வெச்சுக்குங்க. அண்டா மூணா ரெண்டா? ரெண்டா? ரெண்டுன்னே இருக்கட்டும்! ரெண்டு போதும்!

மேடம் சொன்னாங்களே, சாட்சியோட வாங்க நம்புறேன்னு. ஒரு அஞ்சு நிமிஷம் எனக்காக வந்துட்டுப் போயிருங்க. உங்க பேர் என்ன? அட, கூச்சப்படாமச் சொல்லுங்க.

...

திரும்பச் சொல்லுங்க.

வன்னியராஜன்.

தம்பி, நான் இவ்வளவு நேரமும் உங்ககிட்ட சொல்லாம வெச்சிருந்தது அந்த ஒரு பேர்தானே!

இருங்க, இருங்க, போனை உள்ளே வைங்க. உங்க வக்கீலுக்கா? அப்புறம் பேசலாம். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. நான் ஒரு புளுகன். கோவில்பட்டியில் யாரை வேணும்னாலும் கேளுங்க. டீக்கடையில் பெஞ்சு காலியாகுதுன்னு நானே சொன்னேனே, எதுக்குக் காலியாகுது? என் பெண்டாட்டி வெறும் மிக்ஸியை எதுக்குப் போடுறா? ஆயில் மில்லுமில்லை, கணக்குப்பிள்ளையுமில்லை. போன் வந்ததுன்னது புளுகு. மேடம் சொன்னதுன்னது புளுகு. அப்படி ஒரு மேடமே கிடையாது! இந்தப் பையிலே இருக்கிறது கோட்டே இல்லை, போர்வை. ஏன் சிரிக்கிறீங்க?

ரசம் நெசமா இருந்தா இதுவும் நெசமாத்தான் இருக்கணும்ங்கிறீங்க. அது எப்படிச் சரியாகும்? ஒரு மனுஷன் வாழ்க்கையில் ஒரு தடவை நெசம் சொல்லியிருக்கக் கூடாதா? அது ரசத்தோட முடிஞ்சு போச்சுன்னு வெச்சுக்குங்க. இத்தனை வருஷமா ஊரே என்னை நம்ப மாட்டேன்னு நிக்குது, இன்னைக்குப் பார்த்து ஒருத்தர் நம்புறார், அது நீங்களாவா இருக்கணும்?

பரீட்சை போயிரும், தம்பி. எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு நிச்சயமில்லை. உங்க பங்கை நீங்க வாங்கிக்குங்க, நான் வேண்டாம்னு சொல்லலை. கணக்குப்பிள்ளை சொன்னதைப் பார்த்தா அது உங்களுக்குச் சேர வேண்டியதுதான். எனக்கும் அன்னைக்கே மனசுல பட்டுச்சு, வாயில் கமர்கட் இருந்துச்சு. ஆனா நீங்களே யோசிச்சு, நீங்களே மனசு மாறினதா இருக்கட்டும். இந்த பஸ்ஸில் ஏறலை, அடுத்த பஸ்ஸில் வந்தீங்க. சரிதானே? சரின்னீங்களே, ரொம்ப நல்லது. பெரிய மனசு. அன்னைக்கு உங்க மண்டபத்தைக் காப்பாத்தினேன், இன்னைக்கு நீங்க என்னைக் காப்பாத்துறீங்க.

மாட்டுத்தாவணி வந்திருச்சு. பார்த்து இறங்குங்க. இல்லை, ஆட்டோவில் சேர்ந்து போக வேண்டாம், நீங்க முன்னாடி போங்க. நான் ஒரு பொட்டலம் கமர்கட் வாங்கிட்டுப் பின்னாடி வர்றேன். உள்ளே மேடம் என்னைக் காட்டி, "இவரைத் தெரியுமா"-ன்னு கேப்பாங்க. முன்னப்பின்னே பார்த்ததே இல்லைன்னு சொல்லிடுங்க. அடிச்சுச் சொல்லணும். நானும் உங்களைத் தெரியாதுன்னுதான் தலையை ஆட்டுவேன்.

தம்பி! கொஞ்சம் நில்லுங்க. ஓட வைக்காதீங்க, முட்டி வலிக்குது.

தெரியாதுன்னு சொல்லிட்டா, அப்போ ரசத்துக்கு யார் சாட்சி சொல்றது?